‘என்னா கொழந்த?’: ஊடுபால் குழந்தை பிறந்த வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "என்னா கொழந்த?" எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் அதற்கு இரண்டு பதில்தான் பழக்கம். நர்ஸம்மா தயங்கி, "டாக்டர் வந்து சொல்வாங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் வாங்கி வைத்த இனிப்புப் பொட்டலம் அப்படியே பைக்குள் போய்விடும். எனக்கு அப்படித்தான் நடந்தது. பதினோரு வருஷம் ஆகிறது.

நான் குடியாத்தம் பக்கத்துக்காரி. டாக்டர் இல்லை, ஒரு தாய். இந்த வருஷங்களில் ஆம்பூர், பேரணாம்பட்டு, அணைக்கட்டு என்று சில வீடுகளில் இதே நிலையில் இருந்தவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஏங்கியவற்றைத்தான் எழுதுகிறேன். எங்கள் பிள்ளைக்கு என்ன, பையனாக வளர்கிறதா பெண்ணாக வளர்கிறதா என்பதை மட்டும் இதில் எழுதமாட்டேன். காரணம் படிக்கப் படிக்கப் புரியும்.

முதலில் சொல்

தமிழில் இப்போது இதற்கு ‘ஊடுபால்’ என்று சொல் இருக்கிறது. இடைப்பாலினம் என்றும் எழுதுகிறார்கள். குரோமோசோம், உள்ளே இருக்கும் விதை அல்லது சினைப்பை, சுரக்கும் ஹார்மோன், வெளியே தெரியும் பிறப்புறுப்பு ஆகியவை ஆணுக்கு இப்படி, பெண்ணுக்கு இப்படி என்று நாம் பழகிய வரிசையில் அமையாமல் பிறப்பதுதான் ஊடுபால். கருவில் ஆறு ஏழு வாரம் வரை எல்லாக் குழந்தைக்கும் அந்த இடம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. பிறகு மரபணுவும் ஹார்மோனும் சொல்கிறபடி அதே சதைதான் ஒரு பிள்ளைக்கு ஆணுறுப்பாகவும் இன்னொரு பிள்ளைக்குப் பெண்ணுறுப்பாகவும் வளர்கிறது. வழியில் ஒரு இடத்தில் கூடக் குறைய ஆனால், உருவம் நடுவில் எங்கேயாவது நிற்கும். பார்த்தவுடன் சொல்ல முடியாத பிறப்புறுப்போடு பிறப்பது சுமார் 4,500 குழந்தைகளில் ஒன்று என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

திருநங்கை, திருநம்பி என்பது வேறு. அது ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பது. ஊடுபால் என்பது உடம்பு பிறந்த விதம். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டு, "நாளைக்குக் கூத்தாண்டவர் கோயிலுக்குப் போயிடுமா?" என்று அழுத ஒரு அப்பாவைப் பார்த்தேன். குழந்தைக்கு அப்போது பிறந்து நான்கு நாள். அது யாராக வளரும் என்று நான்கு நாள் குழந்தையைப் பார்த்து எந்த வீட்டிலும் சொல்ல முடியாது.

முதல் நாள்: பதில் சொல்ல அவசரப்படாதீர்கள்

வாசலில் நிற்கிறவர்களிடம் சொல்ல ஒரு வாக்கியத்தைப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். இருவரும் அதையே சொல்லுங்கள். எங்கள் பேச்சில் சொன்னால்: "கொழந்த நல்லாகீது. டெஸ்ட்டு குடுத்துகீறோம், ரிசல்ட்டு வரட்டும்." அவ்வளவு போதும். பொய்யாக ஒன்றைச் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் கழித்து மாற்றிச் சொல்வதுதான் ஊர் வாய்க்குத் தீனி.

நம் மொழி இதில் பெரிய துணை. குழந்தை, பாப்பா, கண்ணு, தங்கம், செல்லம் என்று எதை வைத்துக் கூப்பிட்டாலும் ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டியதில்லை. பெயர் வைக்க மனசு பொறுக்காவிட்டால் மணி, ஜோதி, அன்பு, தமிழ், கதிர், சுடர் என்று இருபாலுக்கும் பொருந்தும் பெயர்கள் நம்மிடம் எத்தனையோ. குழந்தையைத் தூக்குங்கள், பால் கொடுங்கள். சிலர் ரிசல்ட் வரும்வரை மடியில் வைக்கவே பயப்படுகிறார்கள். அந்த நாட்கள் திரும்ப வராது.

இன்னொன்று. பெரிய ஆஸ்பத்திரியில் மாணவர்கள் கூட்டமாக வந்து துணியை விலக்கிப் பார்ப்பார்கள். என் குழந்தையை ஒரே காலையில் மூன்று கூட்டம் பார்த்தது. ஒருவர் கைபேசியில் படமும் எடுத்தார். அன்று எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சொல்லலாம்: "வைத்தியம் பார்க்கிற டாக்டர் மட்டும் பாருங்க. போட்டோ வேணாம்." சொன்னதால் வைத்தியம் நின்றுபோகாது.

முதல் மூன்று வாரம்: உப்பைக் கவனியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். மற்றவை காத்திருக்கும், இது காத்திருக்காது.

பிறப்புறுப்பு சந்தேகமாக இருக்கும் குழந்தைகளில் பலருக்குக் காரணம், சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் உள்ள பிறவிக் கோளாறு. டாக்டர்கள் சி.ஏ.எச். என்பார்கள். அந்தச் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனைச் செய்ய முடியாமல் திணறும். அந்தத் திணறலில் ஆண் ஹார்மோன் கூடிப்போகும். கருப்பையும் சினைப்பையும் உள்ள குழந்தைக்கே வெளியே ஆண்பிள்ளை போல அமைந்துவிடுவது இதனால்தான். உருவம் எப்படி இருந்தாலும் அதனால் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் இந்தக் கோளாறு உள்ள பல குழந்தைகளின் உடம்பில் உப்பு தங்காது. பிறந்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் பால் குடிக்காமல் போகும், வாந்தி எடுக்கும், எடை இறங்கும், எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருக்கும். கவனிக்காவிட்டால் குழந்தை தக்காது.

நம் வீடுகளில் இந்த அடையாளங்களைப் பார்த்தால் "உரம் விழுந்துடுச்சு" என்று முறத்தில் போட்டு உருட்டுவார்கள், அல்லது தொக்கம் எடுக்கிறவரிடம் தூக்கிப் போவார்கள். பெரியவர்களை மனம் நோகச் செய்ய வேண்டாம், ஆனால் குழந்தையைக் கொடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், இந்தச் சந்தேகம் இருக்கிறது என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். நோயைச் சொல்லும் முக்கியமான பரிசோதனைக்குப் பெயர் 17-ஓஎச்பி. அதையும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆண் குழந்தை என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் இரண்டு பக்கமும் விதை கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் அங்கேயும் இதே பரிசோதனையைக் கேளுங்கள். அதை "அப்புறம் இறங்கிடும்" என்று விட்டுவிடுகிற இடங்கள் உண்டு.

நோய் உறுதியானால் வைத்தியம் எளிது, ஆனால் வாழ்நாள் முழுக்க. ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை தினம் மூன்று வேளை, உப்பு தங்காதவர்களுக்கு ஃப்ளூட்ரோகார்டிசோன், கைக்குழந்தைப் பருவத்தில் டாக்டர் சொல்லும் அளவில் உப்பு. "ஸ்டீராய்டா? நிறுத்து முதல்ல" என்று படித்த சொந்தக்காரர் ஒருவராவது சொல்வார். உடம்பு செய்யாததை வெளியிலிருந்து கொடுக்கிறோம். திடீரென்று நிறுத்தினால் குழந்தை மயங்கி விழும். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், மாத்திரை நிற்காமல் வாந்தி எடுத்தால் ஊசி போட வேண்டும். எவ்வளவு என்பதை டாக்டரிடம் தாளில் எழுதி வாங்கி, பீரோ கதவில் ஒட்டுங்கள். சின்ன ஊர் மருந்துக்கடையில் இந்த மாத்திரைகள் எப்போதும் இருப்பதில்லை, ஒரு மாதத்துக்குக் கையிருப்பு வையுங்கள். வேலூர் வெயில் தெரியுமே. அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்கு முன்பே உப்பின் அளவைப் பற்றி ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பேரணாம்பட்டில் ஒரு வீட்டு ஆயா, பேரக்குழந்தைக்குக் கண் பட்டுவிட்டது என்று தினம் உப்பைச் சுற்றி அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தார். விஷயம் புரிந்த பிறகு அதே ஆயாதான் தராசு வாங்கி வரச்சொல்லி, உப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டி, வேளை தவறாமல் பாலில் கரைத்துக் கொடுத்தார். சுற்றிப் போடுவதையும் நிறுத்தவில்லை. அந்த வீட்டில் அவரைவிடக் கவனமான ஆளை நான் பார்க்கவில்லை.

எங்கே போவது, யாரைப் பார்ப்பது

வேலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. இதற்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்கள் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள், நமக்கு டவுன் பஸ் தூரம். ஆண் டாக்டரிடம் காட்டக் கூடாது என்று பிரசவத்தில் பெண்களைச் சாகவிட்ட காலத்தில், 1900-இல் இடா ஸ்கடர் என்ற பெண் டாக்டர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி., அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. வெட்கத்தால் உயிர் போன காலத்தில் பிறந்த ஆஸ்பத்திரி என்பதால்தான் இதைச் சொல்கிறேன். நம் வீட்டில் அந்த வெட்கம் வேறு உருவத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

சி.எம்.சி.க்கு வேலூர் டவுனிலும் ராணிப்பேட்டை பக்கத்திலும் வளாகங்கள் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டிய பிரிவு எங்கே என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் திருவண்ணாமலை ரோட்டில் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி. அதற்கும் மேலே சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி. முதல்வர் காப்பீட்டு அட்டையை எப்போதும் பையில் வையுங்கள். எங்கே போனாலும் முதலில் பார்க்க வேண்டியவர் ஹார்மோன் டாக்டர், அதாவது எண்டோகிரைன். பிறகு ஜெனடிக்ஸ், அதாவது மரபணு டாக்டர். அறுவை சிகிச்சை டாக்டரை முதலில் பார்த்தால் பேச்சும் அறுவையிலிருந்தே தொடங்கிவிடுகிறது. என் அனுபவம் அது.

குரோமோசோம் பரிசோதனைக்கு ரத்த அணுக்களை வளர்த்துப் பார்க்க வேண்டும், ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அந்த ரிசல்ட்டில் எக்ஸ்எக்ஸ் (பெண்ணுக்கு வழக்கமானது), எக்ஸ்ஒய் (ஆணுக்கு வழக்கமானது) என்று வருவதைப் பார்த்துக் குழந்தை யார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எக்ஸ்ஒய் இருந்தும், ஆண் ஹார்மோனை உடம்பு ஏற்றுக்கொள்ளாததால் வெளித்தோற்றத்தில் முழுக்கப் பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஸ்கேன், ஹார்மோன் அளவு ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒரு தாள், அவ்வளவுதான்.

பையனா, பெண்ணா என்று எழுதும் இடம்

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரைப் பிறகு சேர்க்கலாம், ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லை. ஆகவே பெயருக்காக அவசரம் வேண்டாம். பால் என்ற கட்டத்தை ஆஸ்பத்திரிதான் நிரப்பி அனுப்புகிறது. பரிசோதனை முடிவு வரும்வரை, கெடுவுக்குள், அனுப்பாமல் வைத்திருக்கும்படி முதல் நாளே எழுதிக் கொடுங்கள்.

பையன் என்றோ பெண் என்றோ வளர்ப்பதில் தப்பில்லை. பெரும்பாலான குடும்பங்கள் டாக்டர்களோடு பேசி அப்படித்தான் முடிவு செய்கின்றன, பிள்ளைகளில் மிகப் பலர் அதிலேயே சுகமாக வளர்கிறார்கள். ஆனால் அதை நம்மால் முடிந்த அளவுக்கு நாம் சொல்லும் ஊகம் என்று நினைவில் வையுங்கள். பிள்ளை வளர்ந்து வேறு சொன்னால் கேட்கிற காது இருக்க வேண்டும். பதிவில் தவறு நேர்ந்தால் திருத்த 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தாளைத் திருத்தலாம்.

கத்தி

உடம்பைத் திருத்த முடியாது. வெட்டியதை ஒட்ட முடியாது.

எங்களிடம் ஒரு நர்சிங் ஹோமில், "ஒரு மாசத்துக்குள்ள சரி பண்ணிட்டா கொழந்தைக்கும் ஞாபகம் இருக்காது, ஊருக்கும் தெரியாது" என்றார்கள். அந்த இரண்டாவது பாதிதான் எங்களை இழுத்தது. கையெழுத்துப் போட என் வீட்டுக்காரர் பேனாவை எடுத்துவிட்டார். என் மாமியார்தான், எழுதப் படிக்கத் தெரியாதவர், "ஒண்ணுக்கு நல்லாப் போவுதில்ல? அப்பறம் இன்னாத்துக்கு அறுக்கணும்?" என்று கேட்டார். அதற்கு அந்த அறையில் யாரிடமும் பதில் இல்லை.

இன்று அந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் அரசாணையே இருக்கிறது. 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ஒரு திருநங்கையின் திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்புச் சொல்லும்போது, ஊடுபால் குழந்தைகளுக்குப் பால் மாற்று அறுவை செய்யக் கூடாது என்று அரசுக்கு உத்தரவிட்டார். பெற்றோர் கொடுக்கும் சம்மதம் குழந்தையின் சம்மதமாகாது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அதே வருஷம் ஆகஸ்ட் 13 அன்று சுகாதாரத் துறை அரசாணை எண் 355-ஐ வெளியிட்டது. உயிருக்கு ஆபத்து இருந்தால் தவிர அறுவை கூடாது. ஆபத்து இருக்கிறதா என்பதையும் ஒரு டாக்டர் தனியாக முடிவு செய்ய முடியாது, அதற்கென அமைத்த குழு பார்க்க வேண்டும். இந்தியாவில் இதை முதலில் செய்த மாநிலம் நம்முடையது. அரசாணை எண்ணைக் கைபேசியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன மாத்திரத்தில் பேச்சின் சுருதி மாறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எல்லா அறுவையும் தேவையற்றது என்று சொல்லவரவில்லை. சிறுநீர் போக வழியில்லாத குழந்தைக்குக் காத்திருக்க முடியாது. சில வகைகளில் உள்ளே இருக்கும் விதைத் திசு புற்றாக மாறும் அபாயம் கூடுதல். சில வகைகளில் அந்த அபாயம் வயசுக்கு வரும்வரை மிகக் குறைவு, கண்காணித்தால் போதும். உங்கள் பிள்ளைக்கு எந்த வகை என்று பெயரோடு கேளுங்கள். கூடவே இவற்றையும்: இப்போது செய்யாவிட்டால் உயிருக்கு என்ன ஆகும், எத்தனை நாளில்? பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும்வரை காத்திருந்தால் எதை இழப்போம்? செய்தால் அந்த இடத்தில் தொடு உணர்வு குறையுமா? மறுபடி மறுபடி அறுக்க வேண்டிவருமா? எடுப்பது விதையோ சினைப்பையோ என்றால், பிறகு காலம் முழுக்க ஹார்மோன் மாத்திரை வேண்டுமா, பிள்ளை பெறும் வாய்ப்பு போய்விடுமா? பதிலை எழுதி வாங்குங்கள். "பார்க்க நல்லா இருக்காது" என்பது பதிலாகாது.

"யாரு செஞ்ச பாவம்?"

யாரும் செய்யவில்லை. கிரகணத்தில் வெளியே வந்ததோ, பப்பாளி தின்றதோ, முதல் மாசத்தில் போட்ட தலைவலி மாத்திரையோ காரணமில்லை. சி.ஏ.எச். போன்ற கோளாறில், அப்பா அம்மா இருவரும் தங்களுக்கே தெரியாமல் ஒரே மரபணுவில் ஒரு மாற்றத்தைச் சுமந்திருப்பார்கள். இருவரிடமிருந்தும் அது வந்து சேர்ந்தால்தான் குழந்தைக்கு நோய். நம் பக்கம் மாமனையும் அத்தை மகனையும் கட்டுவது வழக்கம், ஒரே தாத்தாவிடமிருந்து ஒரே மாற்றம் இருவருக்கும் வந்திருக்கும் வாய்ப்பு அங்கே கூடுதல். நானும் அத்தை மகனைத்தான் கட்டிக்கொண்டேன். அதற்காக என் கல்யாணத்தைக் குற்றமாக நினைக்கவில்லை. அடுத்த குழந்தை வேண்டும் என்றால் முன்னாடியே ஜெனடிக்ஸ் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இதில் தெரிந்துகொள்ள வேண்டியது. இந்த வகையில் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மற்ற வகைகளுக்குக் கணக்கு வேறு.

அப்பாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மா அழுதுவிடுவாள், நாலு பேர் தேற்றுவார்கள். அப்பா டீக்கடைக்குப் போய் நிற்பார், அவரை யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் அவர் பேசாமல் ஆகிவிட்டால் அவரையும் ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள். 104-க்குப் போன் செய்தாலும் பேச ஆள் கிடைக்கும்.

யாருக்கு, எவ்வளவு சொல்வது

குழந்தையை நிர்வாணமாகப் பார்க்கப்போகிறவர் யார் என்று கணக்கெடுங்கள். குளிப்பாட்டும் ஆயா, பார்த்துக்கொள்ளும் பெரியம்மா, பிறகு பால்வாடி டீச்சர். அவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும், முன்கூட்டியே, நீங்களே. மற்றவர்களுக்குக் குழந்தையின் உடம்பைப் பற்றித் தெரிய உரிமை இல்லை. பள்ளியில் மாத்திரை நேரமும், காய்ச்சல் வந்தால் உடனே போன் செய்ய வேண்டும் என்பதும் போதும். டாய்லெட்டுக்குக் கதவுத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று சேர்க்கும் முன் நீங்களே போய்ப் பாருங்கள்.

புதுக்கோட்டைப் பக்கத்துச் செங்கல் சூளைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவருடைய உடம்பு நாடு முழுக்க டிவியில் பேச்சானது. என் பிள்ளையின் ரிப்போர்ட்டை நான் யாருக்கும் வாட்ஸ்அப்பில்கூட அனுப்பாததற்கும், இந்தக் கட்டுரையில் எழுதாததற்கும் அதுதான் காரணம். அந்தச் செய்தி பிள்ளையுடையது. யாரிடம் சொல்வது என்று பிள்ளை முடிவு செய்யும்.

ஆனால் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். மூன்று நாலு வயதில், குளிக்கும்போதே: "ஒவ்வொருத்தர் மூக்கு ஒவ்வொரு மாதிரி, இந்த இடமும் அப்படித்தான்." எட்டு வயதில் மாத்திரை எதற்கு என்று. பத்துப் பன்னிரண்டில் ஊடுபால் என்ற சொல்லோடு முழுசாக. ஒரே நாளில் உட்காரவைத்துச் சொன்னால் அது இடியாக விழும்; தினம் கொஞ்சம் சொன்னால் தன் ஊர்ப் பெயர் தெரிவது போலத் தெரிந்திருக்கும்.

வயசுக்கு வரும் நேரம்

எட்டு ஒன்பது வயதிலேயே ஹார்மோன் டாக்டரிடம் இந்தப் பேச்சைத் தொடங்குங்கள். சில பிள்ளைகளுக்கு மாதவிலக்கு வராது. பெண்ணாக வளரும் சிலருக்குக் குரல் உடையும். பக்கத்து வீட்டில் ஒவ்வொரு பெண்ணாக மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது நம் வீட்டைப் பார்த்துக் கேட்பார்கள். இரண்டு வீடுகளில் பொய்யாகச் சடங்கு வைத்ததைப் பார்த்தேன். அந்தப் பந்தலில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பதிலாக, காது குத்தையே பெரிசாகச் செய்யுங்கள். வள்ளிமலையிலோ உங்கள் குலதெய்வத்திடமோ, தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, சீர்வரிசை அத்தனையும் அப்போதே வரட்டும். ஆணோ பெண்ணோ, காது எல்லோருக்கும் உண்டு.

ஃபைல்

கடைசியாக ஒரு சின்ன வேலை, இன்றைக்கே தொடங்க வேண்டியது. ஒவ்வொரு ரிசல்ட், சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, நீங்கள் கேட்ட கேள்வி, டாக்டர் சொன்ன பதில் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் போடுங்கள். பழைய தாள்களை ஆஸ்பத்திரி என்றைக்கும் வைத்திருக்காது. மேலே பிள்ளையின் பெயரை எழுதுங்கள், உங்கள் பெயர் வேண்டாம். எங்கள் ஃபைல் இரண்டாகிவிட்டது. போன மாதம் என் பிள்ளை முதல் ஃபைலை எடுத்துப் புரட்டி, "இந்த வார்த்தைக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டது. எனக்கும் தெரியவில்லை. அடுத்த ஓ.பி. தேதிக்குக் கேட்க வேண்டிய கேள்விகளில் அதையும் எழுதி வைத்திருக்கிறோம், இந்த முறை அதன் கையெழுத்தில்.